இன்டிகேட்டர் எரிந்த பக்கம்

ஆவுடையூரில் உலகேஸ்வரியின் காருக்கு இன்டிகேட்டர் மூடி மாற்றிய மறுநாள் காலையில், அந்தக் கார் பஜார் ரோட்டிலிருந்து பெருமாள் கோயில் தெருவுக்குள் இடதுபக்கம் திரும்பியபோது, அந்தப் பக்கத்து வீடுகளின் சுவர்கள் இன்டிகேட்டர் எரிகிற நேரமெல்லாம் கண்ணாடியாகவும், அணைகிற நேரமெல்லாம் பழையபடி சுவராகவும் இருந்தன.

மூடி மாற்றியதற்கு விசேஷமான காரணம் எதுவும் கிடையாது. உலகேஸ்வரி அந்த ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஸ்கூல் என்றால் ஒரு வெள்ளைக் காரும், அதன் தலையில் சிவப்பு எழுத்துப் பலகையும், பக்கத்து இருக்கையில் அவள் கால் வைக்க இன்னொரு பிரேக்கும், அவ்வளவுதான். வெயிலிலேயே நின்று நின்று அந்தக் காரின் ஆரஞ்சு மூடிகள் பழைய தேயிலைத் தண்ணீரைப் போல மங்கிவிட்டன. லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகிற இடத்தில் அதிகாரி ஒவ்வொரு தடவையும் குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு நிமிர, அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கார் எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் பீர் முகம்மதிடம் காரைக் கொண்டுபோய் விட்டாள்.

“பாய், இது எரியுதா எரியலியான்னு எனக்கே தெரிய மாட்டேங்கு” என்றாள்.

“மூடி வெயில்ல வெந்துபோச்சு தங்கச்சி. ஆரஞ்ச எடுத்துட்டுத் தெளிஞ்ச மூடியாப் போட்டுருவோம். உள்ள பல்ப ஆரஞ்சாப் போட்டா வெளிச்சம் அதே கலர்லதான் வரும். பாக்கதுக்குப் பளிங்கு மாதிரி இருக்கும்.”

“பளிங்கோ படிகாரமோ, தெளிவாத் தெரியணும் பாய்.”

அவர் வெந்நீர் ஊற்றிப் பழைய பசையை இளக்கி, மூடியைக் கழற்றி, உள்ளே துடைத்து, புது மூடியைப் பொருத்தி, மழைத்தண்ணீர் இறங்காமல் சுற்றிலும் பசை பூசிக் கொடுத்தார். காரணம் என்று பிற்பாடு யாராலும் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். அதற்குமேல் ஊரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த முதல் காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் ஜெபராணி, சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருப்பவள், கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து இன்னும் கியர் மாற்றும்போது கீழே குனிந்து பார்க்கிறவள். இன்டிகேட்டரைப் போட்டவுடன் இடதுபக்கச் சுவர்கள் போய், முதல் வீட்டில் ஒருத்தி தோசை திருப்புவதும், அடுத்த வீட்டில் ஒருவன் பனியனைத் தேடுவதும், அதற்கடுத்து, சொத்துத் தகராறில் நடுவில் சுவர் எழுப்பிப் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட அண்ணனும் தம்பியும் அந்த ஒரே சுவரில் ஆளுக்கொரு பக்கம் முதுகைச் சாய்த்து டிவியில் ஒரே செய்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிய, அவள் காலைக் கிளட்சிலிருந்து எடுத்துவிட்டாள்.

“அக்கா, சுவரு...”

“ரோட்டப் பாரு” என்றாள் உலகேஸ்வரி. “சுவரு அது எடத்துலதான் இருக்கு. திரும்பி முடிச்சுட்டு சிக்னல ஆஃப் பண்ணு.”

அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் முதல் நொடியிலேயே அவள் நினைப்பு பெருமாள் கோயில் தெருவை விட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. டீக்கடையில் எழுந்த முதல் கேள்வி, சுவர் தெளிகிற மாதிரி துணிமணியும் தெளியுமா என்பது. தெளியாது, பீரோவும் தெளியாது, பானையும் தெளியாது, பாத்ரூமைச் சுற்றி அடைத்த தகரமும் தெளியாது, செங்கலும் சிமெண்டும் மண்ணும் வைத்துக் கட்டியது மட்டும்தான் தெளிகிறது என்று பார்த்தவர்கள் உறுதியாகச் சொன்னதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. மூச்சு வந்த பிறகு ஊர் அதனோடு குடித்தனம் நடத்தத் தொடங்கியது.

தெருமுனையில் டிக் டிக் என்று கேட்டால் பெண்கள் முடியைக் கோதி முந்தானையைச் சரிசெய்தார்கள். படிக்காத பிள்ளைகள் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள், படிக்கிற பிள்ளைகள் எழுந்து நின்று கையை ஆட்டினார்கள். அதுவரை உள்பக்கம் பார்த்துத் தொங்கிய சாமி படங்களைச் சிலர் தெருப்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டினார்கள். ஒரு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட, மருமகள் மட்டும் அடுப்படி மூலையில் நின்றபடி சாப்பிட்டது இன்டிகேட்டர் எரிந்த பக்கமாகத் தெரிந்துவிட, மறுதடவை கார் அந்த வழியே திரும்பியபோது அடுப்படியில் ஒரு புது ஸ்டூல் கிடந்தது. யாரும் போய் ஒன்றும் சொல்லவில்லை, அந்த வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் ஸ்டூல் ஸ்டூலாகக் கிடந்தது. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தம்பி வீட்டு டிவி பழுதானபோது அண்ணன் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

வார்டு கவுன்சிலர் தங்கப்பழம்தான் இதை ஒத்துக்கொள்ளாமல் இருந்தார். மேடையில் ஏறினால் மைக் அலறுகிற குரல் அவருக்கு. ஒரு காலையில் அவர் தரையில் குந்தி உட்கார்ந்து, ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, மகளுக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தது தெருவுக்கே தெரிந்துவிட்டது. அன்றைக்கே காரை ஊருக்குள் விடக்கூடாது என்று ஆட்களைத் திரட்டப் புறப்பட்டவர், வாசலில் நான்கைந்து பெண்கள் நிற்பதைக் கண்டு நின்றார். அதுவரை அவரிடம் எந்தக் கோரிக்கையும் கொண்டுவராதவர்கள், கழிவுநீர் வாய்க்காலைப் பற்றிச் சொல்ல வந்திருந்தார்கள். அவர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு வாய்க்காலைப் பார்க்கப் போனார், காரைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

போகப்போக, கார் வருகிறதே என்ற வருத்தம் போய், வரவில்லையே என்ற வருத்தம் வந்தது. தரை முழுக்க டைல்ஸ் போட்டவர்கள், புது மருமகள் வந்தவர்கள், பேரன் பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாம் சென்னைக்குப் போய்விட்டதால் ஒருவர் முகமும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் என்று எத்தனையோ பேர் உலகேஸ்வரியை வழியில் நிறுத்தி, எங்க தெருப் பக்கமும் ஒரு திருப்பு திருப்பிட்டுப் போம்மா என்று கேட்டார்கள். அவளும் ஒரு தெருவையும் விடாமல் திரும்பினாள். படிக்க வருகிறவர்களுக்கும் வளைவுகள் பழக வேண்டியிருந்தது.

அவள் திரும்பாத தெரு ஒன்றே ஒன்றுதான், பம்பு செட்டுத் தெரு. அங்கேதான் அவள் வீடு இருந்தது. பஜார் ரோட்டிலிருந்து திரும்பினால் இடதுகைப் பக்கம் முதல் வீடு. காரை ரோட்டோரத்திலேயே நிறுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்து போவாள்; கேட்டால், சந்து குறுகல், வண்டி உரசிரும் என்பாள். அந்தச் சந்தில் செங்கல் லாரி வந்துபோகிறதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அந்த வீட்டுக்குள்ளே அவள் புருஷன் சுடலைமணி இருந்தான்.

ஊருக்குச் சுடலைமணி துபாயில் இருந்தான். அவனை அனுப்பி வைத்த நாளை ஊர் மறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் மேளம் வைத்து, ரோஜா மாலை போட்டு, பஸ்ஸின் படியில் தேங்காய் உடைத்து, கிரேன் ஓட்டப் போகிறவனை வானத்துக்கே அனுப்புவது போல அனுப்பினார்கள். அவனும் அங்கே போய், கட்டி முடியாத கட்டிடங்களின் தலைக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து நல்லபடியாகத்தான் வேலை பார்த்தான். ஒரு மத்தியானம் கீழே பார்த்தான். அதுவரை எத்தனையோ தடவை பார்த்திருந்த அதே தரைதான், அன்றைக்கு அது அவனைத் திரும்பிப் பார்த்தது. கை நகரவில்லை, கால் நகரவில்லை, வாய் மட்டும் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. நேபாளத்துக்காரன் ஒருவன் ஏறிப் போய் அவனைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி இறக்கினான். அதற்குப் பிறகு அவனால் மாடிப்படிகூட ஏற முடியவில்லை என்பதால் கம்பெனிக்காரர்கள் அனுப்பிவிட்டார்கள்.

விடியற்கால பஸ்ஸில் வந்து இறங்கி, யார் கண்ணிலும் படாமல் வீடு சேர்ந்தவன், உலகேஸ்வரியிடம், “ஒரு வாரம் போகட்டும், சொல்லிரலாம்” என்றான். அவளும் சரி என்றாள். ஒரு வாரம் போனது. ஒரு வாரம் போனபின் சொன்னால், ஒரு வாரமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று இன்னொரு வாரம் போனது. ஒரு மாதம் மறைந்திருந்தவனுக்கு வெளியே வர ஒரு காரணம் போதும், ஒரு வருஷம் மறைந்திருந்தவனுக்குக் காரணங்களை வரிசையாகச் சொல்லியாக வேண்டும், அவன் அதற்குமேலும் மறைந்திருந்தான். அவள் காலையில் வெளியே பூட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவாள், அவன் உள்ளே டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பான், சாம்பாருக்கு உள்ளி உரிப்பான், அரிசி களைவான், துணியை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுவான். மிதித்தால் சத்தம் போடுகிற தரைக்கல் எது என்று அவனுக்குத் தெரியும், அதை மிதிக்க மாட்டான்.

அவன் அப்பா பூதத்தான், அரிசி மில்லில் வாட்ச்மேனாக இருந்து மில் கொடுத்த அறையிலேயே குடியிருப்பவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மருமகளைப் பார்க்க வருவார். பரணில் ஏறி ஒளிய சுடலைமணிக்குத் தைரியமில்லை, பரண் ஆள் உயரம்தான் என்றாலும். தகரம் அடைத்த பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போடுவான். முன்னறையில் அவர் போன் அடிக்கும்.

“ஏல மணி, நல்லா இருக்கியால?”

“நல்லா இருக்கம்ப்பா. நீங்க நல்லா இருக்கியளா?”

“எனக்கென்னல. அங்க வெயிலு எப்பிடி இருக்கு?”

“வெயிலு சாஸ்திதாம்ப்பா.”

“தலையில துண்டக் கட்டிக்கல” என்று சொல்லிவிட்டு, மருமகள் பக்கம் திரும்பி, “பக்கத்துல நின்னு பேசுத மாதிரியே கேக்கும்மா” என்பார். உலகேஸ்வரி அடுப்படிக்குப் போய்விடுவாள். அழுகை வந்தால் பரவாயில்லை, சில நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குத்தான் அவள் பயந்தாள்.

மூடி மாற்றிய அந்த வாரத்திலேயே அவள் பீர் முகம்மதிடம் திரும்பப் போய், பழைய மூடியையே போட்டுவிடச் சொன்னாள். அவர் குப்பைப் பெட்டியில் தேடி எடுத்துப் போட்டார். சுவர்கள் அப்போதும் தெளிந்தன, எல்லாம் கருப்பட்டிக் காப்பிக்குள் நடக்கிற மாதிரி தெரிந்ததே தவிர வித்தியாசமில்லை.

“தெளிஞ்சது தெளிஞ்சதுதான் போல” என்றார் பாய். “எதையாவது மறைக்கணுமா தங்கச்சி?”

“யாருக்குத்தான் மறைக்க ஒண்ணும் இல்ல பாய்” என்று அவள் சொன்னாள். அவர் மேற்கொண்டு கேட்காமல் தெளிந்த மூடியை மறுபடி மாட்டினார்.

சிக்னல் போடாமல் திரும்பியிருக்கலாம். ஆனால் தன்னிடம் வருகிறவர்களுக்கு அவள் முதல் பாடமாகச் சொல்வதே, நீ திரும்பப் போறது உனக்குத் தெரிஞ்சா போதாது, பின்னால வாரவனுக்கும் தெரியணும் என்பதுதான். அதை மீற அவளுக்குக் கை வரவில்லை. திரும்பாமல் இருப்பது மட்டும்தான் அவள் கையில் இருந்தது.

பூதத்தான் ஒருநாள் பஜாரில் காரை மறித்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார், கூடத் தங்கப்பழமும் நின்றார்.

“எம்மா, எல்லாத் தெருவுக்கும் போறே, நம்ம தெருவுக்கு மட்டும் என்ன கொறச்சல்?”

“சந்து குறுகல் மாமா.”

“லாரி போகுது, உன் காரு போவாதாக்கும். எம்மவன் வெளிநாட்டுல கஷ்டப்பட்டு பூசின வீடு, உள்ள கிரானைட்டு, பெரிய டிவி, ஊர்ல எவனும் பாத்ததில்ல. நீ யாரையும் வீட்டுக்குள்ள கூப்பிடுததும் கெடையாது. ஞாயித்துக்கிழம மத்தியானம் வா. கவுன்சிலர்ட்ட சொல்லி நாற்காலிக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்.”

“நாற்காலி என் செலவு” என்றார் தங்கப்பழம்.

அவள் இருவரையும் பார்த்தாள். மறுக்க ஒரு வார்த்தை தேடினாள், அது அவள் வாய்வரை வந்து, மாமனார் சட்டைப்பையில் போனை வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்ததைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. “சரி மாமா” என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னபோது அவன் புளி கரைத்துக்கொண்டிருந்தான். கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஞாயித்துக்கிழம காலைல நீங்க திருநெல்வேலிக்கு பஸ் ஏறிருங்க. தொப்பியப் போட்டுக்கிட்டுப் போனா யாருக்கும் அடையாளம் தெரியாது. நாங் கதவத் திறந்து விடுதேன்.”

அவன் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கரைத்தான்.

“இல்லன்னா பாத்ரூமுக்குள்ள இருங்க. தகரம் தெளியாது.”

“அப்பாவும் ஊரும் வெளிய நிக்க, நான் பாத்ரூமுல இருக்கவா?”

“இத்தன ஞாயித்துக்கிழம இருந்தியள்லா.”

கோபமாகச் சொல்ல நினைத்ததுதான், சொல்லி முடித்தபோது அதில் கோபமில்லை. அவன் புளிச்சக்கையைப் பிழிந்து ஓரத்தில் வைத்தான்.

“உலகு, கதவு வரைக்கும் நான் எத்தனையோ நாள் போயிருக்கேன். நீ தூங்குதப்ப. தாழ்ப்பாள்ல கைய வச்சா அன்னைக்கி மேல இருந்த மாதிரியே ஆயிருது. கை நவுள மாட்டேங்கு. தானாத் திறந்துக்கிட்டுப் போறதுக்கு எனக்குத் தெம்பில்ல.” கையை அலம்பிக்கொண்டே சொன்னான்: “சுவரு தானாப் போச்சுன்னா நான் ஒண்ணும் செய்யாண்டாம்லா. உக்காந்தே இருந்தாப் போதும்.”

“எல்லாரும் பாப்பாங்க.”

“பாக்கட்டும். நீ சிக்னலப் போட்டே வா.”

அவள் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். இருவரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பம்பு செட்டுத் தெருவில் நாற்காலிகள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் போடப்பட்டிருந்தன. டீ வந்திருந்தது. முதல் வரிசையில் பூதத்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம், எம்மவன் ஏறி உக்காந்துருக்க உசரத்துக்கு நம்ம கோயில் கோபுரம் அவங் கால் செருப்புக்குக் கூட வராது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபராணியும் வந்திருந்தாள், டெஸ்ட் பாஸான சந்தோஷத்தில் லட்டு வாங்கிக்கொண்டு.

பஜார் ரோட்டில் கார் வந்தது. உலகேஸ்வரி தனியாக ஓட்டி வந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள், கியரைக் குறைத்தாள், தெருமுனைக்கு முன்னால் இடது இன்டிகேட்டரைத் தட்டினாள். டிக் என்றது.

கிரானைட் தரை தெரிந்தது, துணி போட்டு மூடிய டிவி தெரிந்தது, நடுவில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில், மாலை போட்டு அனுப்பிய அன்றைக்கு உடுத்தியிருந்த சட்டையில், ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அணைந்தது. சுவர் வந்தது. போட்டோவை ஆள் உயரத்துக்குப் பெரிசு பண்ணி வைத்திருக்கிறாள் என்று பலர் நினைத்தார்கள். எரிந்தது. போட்டோ தலையைத் தூக்கியது. அணைந்தது. எரிந்தது. அவன் எழுந்து நின்றிருந்தான், சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது, வெயிலே படாத முகம் உரித்த உள்ளியைப் போல இருந்தது.

அவள் காரை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். எஞ்சினை அணைத்தாள், இன்டிகேட்டரை அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பூதத்தான் காலை இறக்கி வைத்தார், எழுந்தார், காருக்குப் பக்கத்தில் வந்து ஜன்னலில் குனிந்தார்.

“எப்ப வந்தான்?”

“ரொம்ப நாளாச்சு மாமா. போன பங்குனிக்கும் முந்தின பங்குனி.”

அவர் விரல்விட்டு எண்ணினார்.

“அப்போ போன்ல வெயிலு சாஸ்தின்னானே.”

“இங்கயும் வெயிலுதான மாமா.”

அவர் நிமிர்ந்து, வீட்டை நோக்கி நேராக நடந்தார். எரிகிற நேரத்தில் அவர் எதிரே மகன் நின்றான், அணைகிற நேரத்தில் நீலம் பூசிய சுவர் நின்றது. அவர் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மகன் தெரிகிற நேரத்திலும் தட்டினால் சுவர் சுவராகத்தான் இருந்தது. மகனின் வாய் அசைந்தது, என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

“சாவிய எடும்மா” என்றார்.

உலகேஸ்வரி இறங்கிப் போய் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். அவரே பூட்டைத் திறந்தார். உள்தாழ்ப்பாள் போடப்பட்டிருக்கவில்லை, அவள் கிளம்பியதும் வழக்கமாக அதைப் போடுகிற சுடலைமணி அன்று காலையில் போடாமல் விட்டிருந்தான். பூதத்தான் உள்ளே போனார். அவர் உள்ளே போவதையும், மகனுக்கு எதிரே நிற்பதையும், அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பதையும், கையை ஓங்குவதையும், ஓங்கிய கையைத் தன் தலைக்கே கொண்டுபோய் முடியைத் தடவிக்கொள்வதையும் தெரு துண்டு துண்டாகப் பார்த்தது. அப்புறம் அவர் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். மகன் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, என்னவோ சொல்லத் தொடங்கினான். நீளமாகச் சொன்னான். ஒரு இடத்தில் கையை உயரத் தூக்கிக் காட்டினான், அங்கிருந்து கீழே காட்டினான்.

எதிர்ச்சாரியில் தங்கப்பழம் எழுந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தன் நாற்காலியைத் தூக்கி, வீட்டுக்கு முதுகு காட்டுகிற மாதிரி திருப்பிப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டார். ஜெபராணி தன் நாற்காலியைத் திருப்பினாள். பீர் முகம்மது திருப்பினார். பிறகு சிமெண்டுத் தரையில் நாற்காலிக் கால்கள் இழுபடும் சத்தம் ஒருசேரக் கேட்டது, தெரு முழுக்க எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, லட்டைத் தின்றுகொண்டு, வாய்க்கால் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பேசத் தொடங்கியது. டீ இரண்டாம் சுற்று வந்தது. உலகேஸ்வரி காரின் பானெட்டில் சாய்ந்து நின்றாள். வீட்டையும் பார்க்கவில்லை, ஆட்களையும் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக வீட்டுக்குள் கொடியில் காய்ந்த துணிகளின் வாடை அவள் சேலையில் இருந்தது. நாளையிலிருந்து மொட்டை மாடியில்... என்று நினைத்து, அவனால் மாடி ஏற முடியாது, வாசலில் கொடி கட்டலாம் என்று திருத்திக்கொண்டாள்.

வெயில் தணிந்து நிழல் தெருவின் பாதிவரை வந்தபோது பூதத்தான் வெளியே வந்து, “ஒருத்தன் வண்டியப் பாக்கலியா? விளக்கு மங்குதுல்லா” என்றார். மத்தியானம் முழுக்க எரிந்தெரிந்து அணைந்ததில் பேட்டரி தீர்ந்திருந்தது. சாவியைத் திருப்பினால் காருக்குள் ஒரு முனகல்கூட இல்லை.

“தள்ளித்தான் எடுக்கணும்” என்றார் பாய். “பின்பக்கமா பஜார் ரோட்டுல எறக்கி, அங்கேருந்து தள்ளுவோம். இன்னும் ஆள் வேணும்.”

தங்கப்பழம் வேட்டியை மடித்துக் கட்டினார். எழுந்து வரக்கூடியவர்கள் எழுந்து வந்தார்கள். உலகேஸ்வரி உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து, கண்ணாடியில் பார்த்தாள். வாசலில் சுடலைமணி நின்றுகொண்டிருந்தான், ஒரு கால் நிலைப்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. யாராவது அவனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எப்படா வந்தே என்றோ, உடம்புக்கு என்ன என்றோ கேட்டிருந்தால், அவன் உள்ளே போயிருப்பான். பாய் திரும்பிப் பார்க்காமல், “மணி, அந்த ஓரம் ஆள் இல்ல. வந்து பிடி” என்றார்.

அவன் வந்து பிடித்தான்.

காரை ரோட்டுக்கு இறக்கி, முகத்தைத் திருப்பி, எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு தள்ளினார்கள். தள்ளு தள்ளு என்று தங்கப்பழத்தின் மேடைக் குரல் கேட்டது. கார் உருண்டது, வேகம் பிடித்தது, உலகேஸ்வரி கிளட்சை விட்டாள், ஒரு குலுங்கு குலுங்கி எஞ்சின் பற்றிக்கொண்டது. அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று ஓட்டிக்கொண்டே போய்ப் பெருமாள் கோயில் தெருவில் திரும்பினாள். திரும்பும்போது அவள் இன்டிகேட்டர் போட்டாளா, போட்டிருந்தால் சுவர்கள் தெளிந்தனவா என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சுடலைமணியும் மூச்சு வாங்கினான். நிமிர்ந்தபோதுதான் செருப்பில்லாமல் பஜார் ரோட்டின் நடுவில் நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. வீடு பின்னால் வெகுதூரத்தில் இருந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்தது, அவன் ஓரமாக ஒதுங்கினான். ஒதுங்கின இடம் டீக்கடை.

மாஸ்டர் பாலை ஆற்றியபடியே அவனை ஒரு பார்வை பார்த்தார்.

“மணி, சீனி போடவா, பழையபடி கம்மியாவா?”

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். வீட்டுக்குள் இத்தனை நாளும் தாழ்த்தித் தாழ்த்திப் பேசிய குரல் எவ்வளவு சத்தமாக வரும் என்று அவனுக்கே தெரியவில்லை.

“கம்மியா” என்றான். பிறகு, எதிர்ச்சாரிக்கும் கேட்கிற மாதிரி, “அப்பாவுக்கும் ஒண்ணு” என்றான்.